பேசாத தளபதியும் பேசும் நாமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

இக்கல்லூரியில் நான் சேர்ந்த முதல் வாரம். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் ஊரையும் சொல்லிக் கொண்டிருந்தோம். என் முறை வந்தது. எட்டயபுரத்திற்குக் கிழக்கே, பேருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டுமே வந்து போகும் என் சிற்றூரின் பெயரைச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. "எட்டயபுரம் பக்கம்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஏலே, எட்டப்பன் ஊர்க்காரனாலே நீ?"

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஆனால் அன்று மாலை ஊர் திரும்பும்போது அந்தச் சிரிப்பும் என்னோடு பேருந்தில் ஏறிக் கொண்டது.

வீட்டில் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூப்பிடு தூரம். வாக்கப்பட்டு வந்த ஊர்தான் எட்டயபுரம் பக்கம். அவர் வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: "நம்ம வழியில ஒருத்தர் ஊமைத்துரை சாமி கோட்டைக்கு மண்ணு சுமந்தாராம்யா. பேருதான் யாருக்கும் தெரியல."

அந்த ஒரு சொல்தான் என்னை நூலகத்திற்கு அனுப்பியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மானாவாரி நிலத்தோடு போராடுபவர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். சரித்திரம் என்பது ராஜாக்களுக்கும் பாடப்புத்தகங்களுக்கும் உரியது என்றே அதுவரை நினைத்திருந்தேன். பெயர் தெரியாத ஒரு மண் சுமந்தவரும் அதில் உண்டு என்று அன்றுதான் உறைத்தது. நான் படித்தறிந்ததையும், அதனால் எனக்குள் எழுந்த ஒரு கருத்தையும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் சக மாணவ நண்பர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்ணன் வீழ்ந்தபின்

வீரபாண்டிய கட்டபொம்மனை அறியாதார் தமிழகத்தில் இலர். 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் அந்தப் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கும்பெனியார் வரி கேட்டதும், 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனை இராமநாதபுரத்தில் கட்டபொம்மன் சந்தித்ததும், 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியதும், புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும், அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் நம் கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டதும் நாம் அறிந்த செய்திகள். கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி செல்லும் ஒவ்வொருவரும் 1970இல் எழுப்பப்பட்ட அந்தச் சிலையைப் பேருந்து சன்னல் வழியே பார்த்திருப்போம்.

ஆனால் படம் முடிந்த இடத்தில் கதை முடிந்துவிடவில்லை. தூக்குமரத்திற்குப் பிறகுதான் அதைவிடப் பெரிய போர் ஒன்று நடந்தது. அந்தப் போருக்குத் தலைமை தாங்கியவர் கட்டபொம்மனின் தம்பி குமாரசாமி. மக்கள் அவருக்கு இட்ட பெயர் ஊமைத்துரை. அவருக்குப் பேச்சு வராது.

அண்ணனைத் தூக்கிலிட்டதும் தம்பியரைப் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் சிறை வைத்தனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டம் ஆக்கப்பட்டது. பாளையம் பறிக்கப்பட்டு, அதில் ஒரு பகுதி எட்டயபுரத்திற்குப் போயிற்று. எல்லாம் முடிந்தது என்றே கும்பெனியார் கருதியிருப்பர்.

1801 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் வெள்ளை அதிகாரிகள் விருந்துண்டு கொண்டிருந்தனர். அதே வேளையில், வேடமிட்டு வந்திருந்த தம் ஆட்களின் துணையோடு ஊமைத்துரையும் உடனிருந்தோரும் காவலை உடைத்து வெளியேறினர். இரவோடிரவாகப் பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி விரைந்தனர்.

மண்ணால் எழுந்த மதில்

கயத்தாற்றில் கூடிய கும்பெனிப் படை பிப்ரவரி 9ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் கண்டது என்ன? ஓராண்டுக்கு முன் இடித்துத் தள்ளப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்து நின்றது! மதில்மேல் ஆட்கள் நிறைந்து நின்றனர். அந்தப் படையில் ஓர் அதிகாரியாக வந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். பின்னாளில் கர்னலாக உயர்ந்து, 1830இல் தம் போர் நினைவுகளை இலண்டனில் நூலாக வெளியிட்டார். கண்ணால் கண்டும் நம்ப முடியாத வியப்பை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். படை மறுநாளே பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போயிற்று.

நண்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். தப்பிய இரவுக்கும் படை வந்த நாளுக்கும் இடையே ஒரு வாரம்தான். ஒரு வாரத்தில் ஒரு கோட்டை! சுமார் 12 அடி உயர மண்மதில், சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி. இன்று நாம் சிமெண்டும் கம்பியும் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச்சுவர் கட்ட எத்தனை மாதம் எடுத்துக் கொள்கிறோம்!

வேதியியல் மாணவன் என்பதால் அந்த மண்ணைப் பற்றியும் ஒரு சொல். நம் கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் மிகுதி. அது ஏடு ஏடாக அமைந்தது. நீர் ஏடுகளுக்கிடையே புகுந்தால் மண் உப்பிப் பசைபோல் ஒட்டும். நீர் வற்றினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் கரிசல் வெடிப்பில் கன்றுக்குட்டியின் கால் சிக்கிக் கொள்வதை நாம் பார்த்ததில்லையா? எங்கள் ஊரில் பழைய வீடுகளுக்கு மண்சுவர் எழுப்பும்போது வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பார்கள். வைக்கோல் மண்ணைப் பிடித்துக் கொள்ளும்; வெடிப்பு குறையும். கல்மதில் பீரங்கிக் குண்டு பட்டால் உடைந்து சிதறும். கெட்டியான மண்மதிலோ குண்டை விழுங்கிக் கொண்டு நிற்கும். இந்த அறிவு எந்த ஆய்வகத்திலும் கற்றதன்று. மண்ணோடு பிறந்து மண்ணோடு மடிந்தவர்கள் காலால் மிதித்துக் கற்றது.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். அது தை மாதக் கடைசி. கம்பும் சோளமும் களத்திற்கு வரும் காலம். பருத்தி வெடிக்கத் தொடங்கும் காலம். மானாவாரிக் குடியானவனுக்கு ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. அதை விட்டுவிட்டு ஒருவன் மண் சுமக்கப் போகிறான் என்றால் அதன் விலை என்ன என்பது எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தெரியும். கூலிக்காக மட்டும் அப்படி எவனும் போகமாட்டான். சாட்டைக்குப் பயந்து போனால் ஒரு வாரத்தில் கோட்டை எழாது.

சைகையே கட்டளை

இத்தனை பேரையும் திரட்டியவர் பேச்சில்லாதவர் என்பதுதான் எனக்குப் பெருவியப்பு. நம் நாட்டில் தலைமை என்றாலே நாவன்மைதான். ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு தலைவனை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? மேடையில் அடுக்குமொழி பேசத் தெரிந்தவன் வார்டு உறுப்பினர் ஆவான். தெரியாதவன் அவனுக்கு நாற்காலி தூக்குவான். இதுவே நாம் கண்ட நடைமுறை.

ஊமைத்துரையோ மெலிந்து, நோயாளிபோல் தோன்றியவர் என்கிறார் வெல்ஷ். ஆனால் அவரிடம் இருந்த மனவலிமையை வியந்து வியந்து எழுதுகிறார். மக்கள் அவரைத் தெய்வமாகவே போற்றினர் என்றும், அவருடைய சிறு சைகையும் அவர்களுக்கு வேதவாக்கு என்றும் குறிப்பிடுகிறார். அவர் கட்டளையிடும் முறையையும் சொல்கிறார். இடது உள்ளங்கையில் சிறு வைக்கோல் துண்டுகளை அடுக்குவார். அவை வெள்ளையர் படை. பிறகு வலக்கையால் அவற்றை ஒரே வீச்சில் வழித்துத் தள்ளுவார். வாயிலிருந்து சீறலான ஓர் ஒலி எழும். அவ்வளவுதான். தாக்குதல் தொடங்கிவிடும்.

இதை எழுதியவர் அவருக்கு எதிராக வாளேந்திய பகைவர் என்பதை மறந்துவிடக் கூடாது. நண்பன் புகழ்ந்தால் அன்பு என்று தள்ளிவிடலாம். பகைவனே புகழ்ந்தால் எப்படித் தள்ளுவது?

அவர் வெறும் போர்வெறியர் அல்லர் என்பதற்கும் சான்று உண்டு. அந்நாட்களில் பாஞ்சாலங்குறிச்சி வீரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அங்கே பிடிபட்ட துறைமுக அதிகாரி ஒருவரைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டு வந்தனர். அவருடைய மனைவி பின்னாலேயே வந்து மன்றாடினார். உடனே அவரை விடுதலை செய்து அனுப்பிவிட்டனர். அண்ணனைத் தூக்கிலிட்டவர்களின் ஆள் கையில் சிக்கியும் உயிரோடு திருப்பி அனுப்பிய பெருந்தன்மையை என்னென்பது!

ஒரு தாயின் முடிவு

1801 மார்ச் 31ஆம் நாள் மெக்காலேயின் படை கோட்டையைத் தாக்கிற்று. பீரங்கியால் மதிலில் உடைப்பு ஏற்படுத்தி உள்ளே நுழைய முயன்றது. உடைப்பில் நின்றவர்கள் நீண்ட ஈட்டிகளோடு அவர்களை எதிர்கொண்டனர். கும்பெனிப் படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. அப்போரில் மாண்ட வெள்ளையர் சிலரின் கல்லறைகள் அப்பகுதியில் இன்றும் உண்டு.

அதன்பின் கர்னல் அக்னியூ தலைமையில் புதிய படைகளும் பெரிய பீரங்கிகளும் வந்தன. மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. உள்ளிருந்தோர் கூட்டமாக வெளியேறியபோது குதிரைப்படை அவர்களை விரட்டி வெட்டியது. திறந்த கரிசல் காட்டில் குதிரைக்கு முன் ஓடுபவனுக்கு ஒளிய இடம் ஏது? ஊமைத்துரையும் காயமுற்று வீழ்ந்தார்.

அதன்பின் நடந்ததை வெல்ஷ் எழுத, பிஷப் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். போர் ஓய்ந்தபின் பெண்கள் பிணங்களுக்கிடையே தம்மவரைத் தேடி வந்தனர். ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். உயிர் ஊசலாடிக் கொண்டிருந்தது. தூக்க முயன்ற தாயிடம் அவன், என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்று கேட்டுக் கொண்டான். அந்தத் தாய் மகனை அங்கேயே விட்டாள். ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று வீட்டில் மறைத்தாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை போட்டு இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தனர். அம்மை என்றதும் வந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர்.

அந்தத் தாயின் பெயர் நமக்குத் தெரியாது. மகனின் பெயரும் தெரியாது. என் பாட்டி சொன்ன மண் சுமந்தவர் போலவே அவர்களும் பெயரற்றவர்கள். ஊமைத்துரையின் வாழ்வில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது அவர் வென்ற சண்டை அன்று. இந்த ஒரு முடிவுதான். பெற்ற மகனைவிடப் பெரிதாக ஒருவரை ஒரு தாய் நினைத்தாள் என்றால், அவர் அவர்களுக்கு என்னவாக இருந்திருக்க வேண்டும்!

பாளையம் கடந்த போர்

காயம் ஆறியதும் ஊமைத்துரை வடக்கே சென்று சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களோடு இணைந்தார். கும்பெனியாரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது மருதுவர் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். 1801 ஜூன் 16ஆம் நாள் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும், இசுலாமியரையும், கும்பெனிப் படையில் இருந்த சிப்பாய்களையும் கூட விளித்து, அந்நியருக்கு எதிராக ஒன்றுபடுமாறு அழைத்தது அவ்வறிக்கை. திண்டுக்கல் சீமையில் விருப்பாட்சி கோபால நாயக்கர் களத்தில் நின்றார். பாளையங்களும் நாடுகளும் ஒரே அணியாகச் சேர்ந்த இந்த எழுச்சியைத் தென்னிந்தியப் புரட்சி என்று பெயரிட்டு ஆராய்ந்தார் வரலாற்றறிஞர் கே. ராஜய்யன். 1857க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இது நடந்தது.

அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை திண்டுக்கல் பக்கம் போய்ப் போராடிப் பிடிபட்டார். நவம்பர் 16ஆம் நாள், எந்த மண்ணில் ஒரு வாரத்தில் கோட்டை எழுப்பினாரோ, அதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவரப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். மருதுவின் இளைய மகன் துரைசாமி உள்ளிட்ட பலர் 1802இல் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது மக்கள் வழக்கு.

தராசில் நிறுத்துவோம்

சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். பாளையக்காரர்கள் என்ன மக்களாட்சியா நடத்தினார்கள்? அவர்களும் குடியானவனிடம் வரி வாங்கியவர்கள்தாமே? தம் பாளையத்தைக் காக்கத் தாமே போரிட்டனர்? இது நியாயமான கேள்வி. வீரத்தை மட்டும் வைத்து ஒருவரைக் கொண்டாடக் கூடாது என்பதை உலகம் இன்று உணர்ந்து வருகிறது.

அமெரிக்க நாட்டில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போன தென் மாநிலங்களின் குதிரைப்படைத் தளபதி ஜெப் ஸ்டூவர்ட். துணிச்சலிலும் வேகத்திலும் ஈடில்லாதவர் என்று பெயர் வாங்கியவர். 1864இல், 31 வயதில், போரில் பட்ட காயத்தால் மாண்டார். ரிச்மண்ட் நகரில் 1907இல் குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் அவருக்குச் சிலை எழுப்பினர். 2020இல் அந்தச் சிலை அகற்றப்பட்டது. குதிரை எவ்வளவு வேகமாக ஓடிற்று என்பது மட்டும் கேள்வியன்று; யாருடைய கழுத்துச் சங்கிலியைக் காக்க ஓடிற்று என்பதும் கேள்விதான் என்று அந்நாட்டு மக்கள் கேட்டுவிட்டனர்.

ஊமைத்துரையையும் அதே தராசில் நிறுத்துவோம். அவர் எதற்காகத் தொடங்கினார்? அண்ணனின் சாவுக்குப் பழிவாங்கவும் பறிபோன பாளையத்தை மீட்கவும் தொடங்கினார் என்றே வைத்துக் கொள்வோம். ஆனால் எங்கே போய் முடித்தார்? தம் பாளையம் வீழ்ந்தபின், தமக்கென்று காக்க ஒரு குழி நிலமும் இல்லாதபோது, வேறொரு சீமைக்குப் போய், வேறு மக்களோடு தோள் சேர்ந்து, மாதக்கணக்கில் போரிட்டார். சமாதானம் பேசிப் பிழைக்க முயன்றிருக்கலாம். தென்கோடிக் காடுகளில் ஒளிந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தன் வீட்டுத் தீயை அணைக்கப் புறப்பட்டவர் ஊர்த்தீயை அணைக்கும் வேலையில் உயிர்விட்டார். குறைகளோடு பிறந்த பாளையக்காரர் ஒருவர் தம்மைவிடப் பெரிதான ஒன்றுக்குள் வளர்ந்த வரலாறு இது. இதனாலேயே அவர் நமக்கு உரியவர்.

நாம் செய்வது என்ன?

இத்தகைய தளபதியை இன்று நாம் என்ன செய்கிறோம்? அந்தப் போர்களில் நின்றவர்களைச் சாதிவாரியாகப் பங்கு போட்டுக் கொள்கிறோம். கட்டபொம்மனும் ஊமைத்துரையும் ஒருவருக்கு. வெள்ளையத் தேவன் இன்னொருவருக்கு. கவர்னகிரி சுந்தரலிங்கம் மற்றொருவருக்கு.  அவரவர் பிறந்தநாளில் அவரவர் தெருவில் மட்டும் ஒலிபெருக்கி. அடுத்த தெருவில் கதவடைப்பு. 1997ஆம் ஆண்டில் ஒரு போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது தென் மாவட்டங்களில் மூண்ட கலவரம் உயிர்களைக் குடித்தது. கடைசியில் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. கும்பெனியார் செய்ய நினைத்ததை, அவர்கள் போய் ஐம்பது ஆண்டுக்குப் பின் நாமே செய்து முடித்தோம்!

ஒரே மதிலில் அருகருகே நின்று செத்தவர்கள் அவர்கள். அந்த மதிலின் மண்ணை இன்று எடுத்து, இது எந்தச் சாதிக்காரன் மிதித்த மண் என்று எந்த வேதியியலாராவது பிரித்துச் சொல்ல முடியுமா?

இனி எட்டயபுரத்திற்கு வருகிறேன். எட்டயபுரம் பாளையக்காரர் கும்பெனியோடு சேர்ந்தார். அவருடைய படை பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராக நின்றது. இதை மறுக்க இயலாது, மறைக்கவும் வேண்டியதில்லை. இரு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு அதற்கு முன்பே இருந்தது. அந்தப் பகையைக் கும்பெனியார் பயன்படுத்திக் கொண்டனர். ஆயினும் ஒரு பாளையக்காரர் எடுத்த முடிவுக்காக ஓர் ஊரையே, அதன் சுற்றுப்பட்டிகளையே, இருநூறு ஆண்டுக்குப் பின் பிறந்த பிள்ளைகளையே காட்டிக் கொடுத்தவர் என்று அழைப்பது எந்த நீதி?

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். 1882இல் பாரதி பிறந்தது எட்டயபுரத்தில். பத்து ஆண்டுக்கு முன், 1872இல், வ.உ. சிதம்பரனார் பிறந்தது பாஞ்சாலங்குறிச்சிக்கு அடுத்த ஓட்டப்பிடாரத்தில். ஊமைத்துரையைத் தூக்கிலிட்டு நூறாண்டு கழிந்தபின் இந்த இரண்டு ஊர்களின் பிள்ளைகளும் கைகோர்த்தனர். 1906இல் ஒருவர் வெள்ளையனுக்கு எதிராகக் கப்பல் நிறுவனம் தொடங்கினார். மற்றவர் எழுதுகோலால் அதற்குத் துணை நின்றார். பாளையக்காரர் தீர்க்காத பகையைப் பிள்ளைகள் தீர்த்தனர். வரலாறே சமாதானம் செய்துவைத்தபின் வகுப்பறையில் மீண்டும் அந்தப் பகையை மூட்ட நாம் யார்?

என் உடம்பில் ஓடுவது இரண்டு ஊர் இரத்தமும்தான். பாட்டி வழியில் மண் சுமந்தவர். தாத்தா வழியில் அந்த மண்மதிலுக்கு எதிரே நிறுத்தப்பட்டவரும் இருந்திருக்கலாம். இருவரும் குடியானவர்கள்தாம். இருவருக்கும் அந்த ஆண்டு வெள்ளாமை கெட்டிருக்கும்.

ஒரு வேண்டுகோள்

ஆண்டுதோறும் நம் கல்லூரியில் கல்விச் சுற்றுலா செல்கிறோம். கொடைக்கானல் போகிறோம், கன்னியாகுமரி போகிறோம். நல்லதே. ஒரு நாள் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போவோம். தமிழக அரசு 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், பழைய கோட்டை இருந்த மண்ணிலும் நின்றுவிட்டு வருவோம். வெள்ளையர் கல்லறைகளையும் பார்ப்போம். அங்கே கிடப்பவனும் எவளோ ஒரு தாயின் மகன்தான். திரும்பும் வழியில் எட்டயபுரத்தில் இறங்கிப் பாரதி பிறந்த வீட்டையும் பார்ப்போம். ஒரே பேருந்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து போவோம்.

இன்னொன்று. நம் கிராமங்களில் ஊமைத்துரை கதையைத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். பேராசிரியர் நா. வானமாமலை கட்டபொம்மன் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் வாய்மொழிக் கதைகளை எழுத்தில் ஏற்றினார். நம் கையில் இன்று பேசுவதைப் பதிவு செய்யும் கருவி ஆளுக்கொன்று இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, தாத்தா பாட்டி சொல்வதைப் பத்து நிமிடம் பதிவு செய்து வந்தால் என்ன? தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் இதற்கு வழிகாட்ட வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்.

பேச்சு வராத ஒருவர் கை அசைவினால் ஒரு சீமையை ஒன்று சேர்த்தார். நாவும், எழுத்தும், ஒலிபெருக்கியும், பட்டமும் பெறப்போகிற நாம், அவரைப் பற்றிப் பேசிப் பேசியே பிரிந்து நிற்கிறோம். இந்த வெட்கம் என்னைச் சுட்டதனால் இதை எழுதினேன்.

அன்று வகுப்பில் கேட்ட நண்பன் இப்போது எனக்கு நெருங்கிய தோழன். ஆய்வகத்தில் ஒரே மேசையில்தான் நிற்கிறோம். அவன் மீண்டும் கேட்டால் இப்போது என்னிடம் விடை இருக்கிறது: "ஆமாம்லே, எட்டயபுரம் பக்கம்தான். எங்க வழியில ஒருத்தர் ஊமைத்துரை கோட்டைக்கு மண்ணு சுமந்தார். உங்க வழியிலயும் ஒருத்தர் சுமந்திருப்பார். போய் உங்க பாட்டிகிட்ட கேட்டுட்டு வா."